வூட்டுக்காரன் வரான்

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஆக்னஸைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். செத்த லேப்டாப்பைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால், திருப்புளியை எடுப்பதற்கு முன்னாலேயே கொண்டுவந்த ஆளைத் திட்டி முடித்துவிடுவாள். டீயை ஊற்றியதும் போதாதென்று ஈரத்துணி போட்டு வேறு துடைத்தீர்களா என்பாள். திட்டு வாங்கினாலும் பொருள் பிழைத்துவிடும் என்று ஜனம் அவளிடமே போகும். பீங்கான் கம்பெனியில் பொம்மைக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தவள், கண் எரிச்சல் தாங்காமல் அதை விட்டு, ஹார்டுவேர் படித்து, ஸ்டேஷன் மதிலை ஒட்டின ஒற்றை அறையில் கடை போட்டாள். ரயில் வந்து நின்றால் பெட்டிக்குள் பேசுகிற பேச்சுகூடக் கடையில் கேட்கும்.

அந்த வாய் அடங்குகிற விஷயம் ஒன்று உண்டு. அது அவள் புருஷன் செபாஸ்டியன். ஐந்து வருஷத்துக்கு முன், சூளை வேலை நின்றுபோன சமயம், வேப்பூரில் ஒரு வேலை விசாரித்துவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறினான். ஏறினவன் ஏறினவன்தான். போன் அணைந்தது. போலீஸில் சொல்லியும் துப்பு இல்லை. கொள்ளிடத்தில் அடையாளம் தெரியாத உடம்பு ஒன்று ஒதுங்கியதாக யாரோ சொல்ல, அவன் அம்மா உபகாரமேரி அன்றைக்கே மாரடித்து அழுது தீர்த்துவிட்டாள்.

அதிலிருந்து மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே வழக்கு. நவம்பர் மாசம் கோயிலில் இறந்தவர்கள் பேரைச் சொல்லிப் பூசை வைப்பார்கள். அவன் பேரையும் கொடு என்பாள் கிழவி. பேர் கொடுக்காத ஆத்துமா உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடந்து தவிக்கும், வழி தெரியாமல் வாசலில் வந்து வந்து நிற்கும் என்று பயமுறுத்துவாள். உடம்பைக் காட்டுங்கள், பேரைக் கொடுக்கிறேன் என்பாள் ஆக்னஸ். உயிரோடு இருக்கிறவனைச் செத்தவனாக்கினால் அந்தப் பாவம் யார் தலையில் விடியும்? ஒவ்வொரு நவம்பரும் இப்படியே போயிற்று. புருஷனை முழுங்கிவிட்டுப் பொட்டோடு திரிகிறாள் என்று தெருவில் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது!

இந்த வருஷம் கிழவிக்கு முட்டிவலி வந்து கோயிலுக்கு நடக்க முடியாமல் போயிற்று. போனில் பூசை பார்க்கலாமென்றால் அந்தச் சின்னத் திரை அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. செபாஸ்டியனின் பழைய லேப்டாப் பரணில் கிடந்தது. அவன் போன மறுமாசமே அதன் வைஃபை செத்துவிட, ஆக்னஸும் அதை மூடி வைத்துவிட்டாள். இப்போது கடைக்குக் கொண்டுபோனாள்.

பேட்டரியைக் கழற்றி, அடிமூடியைத் திறந்து, தூசியை ஊதினாள். ஒற்றைத் திருகை நீக்கியதும் பழைய வைஃபை கார்டு துள்ளி நிமிர்ந்தது. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதன் தலையில் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு ஒயர். அவற்றை நகத்தால் நெம்பி எடுத்தாள். கழித்துப்போட்ட லேப்டாப் ஒன்றில் எடுத்து வைத்திருந்த கார்டைச் சாய்த்துச் செருகி, திருகி, ஒயர் முனைகளைச் சட்டைப் பொத்தான் மாதிரி அமுக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி இருக்கும். லேப்டாப் விழித்தது. திரையின் மூலையில் ஒரு கட்டம் எழுந்தது.

'வூட்டுக்காரன் வரான்' – இணைந்தது.

செபாஸ்டியன் தன் போனின் ஹாட்ஸ்பாட்டுக்கு வைத்த பேர் அது. வேலை முடிந்து தெருமுனை திரும்பும்போதே அதைப் போட்டுவிடுவான். வீட்டிலிருக்கும் லேப்டாப் அதைப் பிடித்துக்கொண்டு இப்படித்தான் அறிவிக்கும். ஆக்னஸ் சிரித்துக்கொண்டே டீக்குத் தண்ணீர் வைப்பாள்.

அவள் உடம்பு முழுக்க மயிர்க்கூச்செறிந்தது. வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வெயில் மட்டும் கிடந்தது. மறுபடி திரையைப் பார்த்தபோது அந்தப் பேர் இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு திரும்பினாள். அவள் ஒன்றும் சொல்லாமலேயே கிழவி கேட்டாள்.

"சாயங்காலம் வாசல்ல யாரோ வந்து நின்னாப்புல இருந்துச்சு. நீ யாரையாச்சும் பாத்தியா?"

இல்லை என்று சொல்லிவிட்டு ஆக்னஸ் கதவைத் தாழிட்டாள்.

லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் கடையிலேயே வைத்துக்கொண்டாள். அப்புறம் ஒரு வாரம் ஒன்றும் இல்லை. அடுத்த சனிக்கிழமை அதே நேரம், அதே கட்டம். இந்தத் தடவை ரயில் சத்தம் அவள் காதில் விழுந்தது. சேலம் பாசஞ்சர் வந்து நின்றதும் பேர் வந்தது, வண்டி நகர்ந்ததும் அறுந்தது.

பேயென்றே விட்டுவிட அவள் தொழில் விடவில்லை. கார்டு மாறினாலும் பழைய பாஸ்வேர்டு லேப்டாப்புக்குள் பத்திரமாக இருக்கும், சரி. அந்தப் பக்கம் இருக்கிற போன்? திருடனோ கண்டெடுத்தவனோ, பூட்டின போனைப் பயன்படுத்த வேண்டுமானால் எல்லாவற்றையும் அழித்தாக வேண்டும். அழித்தால் இந்தப் பேரும் பாஸ்வேர்டும் கூடவே போய்விடும். இரண்டும் அப்படியே இருக்கின்றன என்றால், பூட்டைத் திறக்கத் தெரிந்தவன் கையில்தான் போன் இருக்கிறது. திறக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி இங்கே உட்கார்ந்திருக்கிறாள். ஆவி என்று நினைத்தபோது வந்த பயத்தைவிட இந்தப் பயம் பெரிதாக இருந்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, திறந்த லேப்டாப்பைத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றாள். ஜனம் ஒருமாதிரி பார்த்தது. பாசஞ்சர் வந்து நின்றது. கட்டம் எழுந்தது. பெட்டி பெட்டியாக நடந்தாள். சிக்னல் கூடிக்கொண்டே வந்து, ஒரு சன்னலுக்கு எதிரே முழுசாக நின்றது. அவன் போனிலும் இந்நேரம் தெரிந்திருக்கும், 'ஆக்னஸ்' இணைந்தது என்று. லேப்டாப்புக்கு அந்தப் பேரை வைத்ததும் அவன்தான். போன தடவைகளில் அதைக் கவனிக்காமல் இருந்திருப்பான்.

அவள் தலை நிமிர்வதற்குள் இணைப்பு அறுந்தது. ரயில் இன்னும் நகரவில்லை. எதிரே இருந்த சன்னலின் இரும்புக் கதவு தடால் என்று கீழே இறங்கியது. மழையும் இல்லை, அந்தப் பக்கம் வெயிலும் இல்லை.

உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

"அப்பா, நெட்டு போயிடுச்சுப்பா."

அந்த அப்பா யார் என்று அவளுக்குத் தெரிந்தது. தட்டுவதற்குக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நிற்க, ரயில் ஊதிக்கொண்டு கிளம்பிற்று.

நேரே கோயிலுக்குப் போனாள். உபதேசியார் சகாயராஜ் பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தார். நாளைப் பூசைக்கு ஒரு பேர் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள். யார் பேர் என்று கேட்காமலே அவர் செபாஸ்டியன் பேரை எழுதிக்கொண்டார். கேட்காததே பெரிய உபகாரம்.

வீட்டுக்கு வந்து, பேர் கொடுத்துவிட்டேன் என்று மாமியாரிடம் சொன்னாள். கிழவி இனி நிம்மதியாகத் தூங்குவாள் என்றுதான் நினைத்திருந்தாள். கிழவியின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏண்டி குடுத்தே?"

"நீங்கதானே அத்தை குடு குடுன்னீங்க?"

"நான் கேப்பேன். நீ மாட்டேம்ப. நீ மாட்டேன்னு சொல்லச் சொல்லத்தான் எம்புள்ள எங்கியோ உசுரோட இருக்கறாப்புல இருந்துச்சு."

இருக்கிறான் என்ற ஒரு சொல் போதும். ஆக்னஸுக்கு அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள். கிழவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, செத்தவனுக்கு அழுகிற மாதிரியே வாய்விட்டு அழுதாள்.