இடம் கிடைக்கும் முன்பே சொன்ன நன்றி

எங்கள் அம்மா தேவனிடத்தில் சேர்ந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது, "அம்மாகிட்ட கூடுதல் சண்ட போட்டது நீதான். நீயே எழுது" என்று அண்ணன் சொல்லிவிட்டார். உண்மைதான்.

அம்மா கொட்டாரத்தில் பிறந்து, நர்சிங் படித்து, மணவாளக்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டார்கள். அப்பா வளைகுடாவில் வேலையில் இருந்தபோதே காலமாகிவிட, ஆஸ்பத்திரி வேலையையும் பார்த்துக்கொண்டு எங்கள் இருவரையும் தனியாக வளர்த்தார்கள். நைட் டியூட்டி முடிந்து வந்த கையோடு தோசை சுடுவார்கள். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்தபோது, பெண்பிள்ளைக்கு அது எதற்கு என்று கேட்ட சொந்தக்காரர்களிடம், "அவளுக்கு அதுதான் பிடிச்சிருக்கு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பட்டம் முடித்ததும் ஜெர்மனியில் மெக்கானிக்கல் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தேன். கிடைத்த நன்மைக்கு ஸ்தோத்திர காணிக்கை கொடுப்பதும், பிறந்தநாள், புது வீடு, வேலை என்று காரணத்தைப் போதகர் ஆராதனையில் வாசிப்பதும் எங்கள் சபை வழக்கம். நான் விண்ணப்பித்த அடுத்த ஞாயிறே போதகர் அம்மாவின் பெயரைச் சொல்லி, "மகளுக்கு ஜெர்மனியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தமைக்காக" என்று வாசித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகத்தில் யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். வெளியே வந்தால் ஆளாளுக்குக் கை கொடுக்கிறார்கள். பக்கத்து வீட்டு அத்தை, "எப்பம் போற மக்கா? அங்க நிக்குத எனக்க மவனுக்குக் கொஞ்சம் மீன் ஊறுகாய் தந்து விடட்டா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து கோபத்தில் குதித்தேன். அம்மா அசையவில்லை.

"கெடச்ச பொறவு நன்றி சொல்லதுக்கு ஆருக்கும் முடியும். போயி சோறு தின்னு."

இடம் எங்கும் கிடைக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மறுப்பு வந்தது. இனி சபைப் பக்கம் தலைகாட்ட மாட்டேன் என்றேன். அம்மா விடவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போய், கேட்டவர்களிடமெல்லாம் அவர்களே முந்திக்கொண்டு சொன்னார்கள். "கெடைக்கேல. நான்தான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன். அவள ஒண்ணும் கேக்காதிய. அடுத்த வருசமும் போடுவா." ஊறுகாய் அத்தையிடம் மட்டும், "அது நல்லா ஊறட்டு" என்றார்கள். அடுத்த வருடமும் விண்ணப்பிப்பேன் என்று நான் சொல்லவே இல்லை.

அந்த அடுத்த வருடம் அம்மா புற்றுநோயில் படுத்தார்கள். நான் எங்கும் போவதில்லை என்று முடிவு செய்தேன். "நீ இஞ்ச இருந்தா எனக்க நோய் போயிருமா?" என்று கேட்டு, கட்டிலருகில் உட்காரவைத்து விண்ணப்பிக்க வைத்தார்கள். ஏன் இந்தப் படிப்பு வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுத வேண்டும். அதில் அம்மா பட்ட பாட்டையெல்லாம் உருக்கமாக எழுதியிருந்தேன். தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள்.

"அவிய மெஷினப் பத்திக் கேட்டா நீ எனக்க கதையச் சொல்லுதியா? என்னைய எடுத்துக் களை."

எடுத்துவிட்டு, இயந்திரங்களைப் பற்றி மட்டும் எழுதி அனுப்பினேன்.

இந்த முறை இடம் கிடைத்தது. அப்போது அம்மாவுக்கு எழுந்து உட்காரவும் தெம்பில்லை. அந்த மின்னஞ்சல் இருந்த என் போனை வாங்கி, கண்ணாடி போடாமலே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இனி எனக்குப் பேடி இல்ல மக்கா."

"ஒங்களுக்கு எப்பம்மா பயம் இருந்துது?"

"அப்பா இல்லாத பிள்ள. கெடைக்காமப் போயிருமோன்னு பேடிச்சுதான் அண்ணைக்கு முந்தியே காணிக்க குடுத்தேன்."

அம்மாவுக்கும் பயம் உண்டு என்று அதுவரை எனக்குத் தெரியாது. அடுத்த மாதமே எங்களைப் பிரிந்தார்கள்.

கடைசி நாட்களில் அம்மாவைக் குளிப்பாட்டி, தலை சீவிவிட்ட, அவர்களோடு வேலை பார்த்த நர்ஸ் அக்காமாருக்கும், முறைபோட்டுக் கஞ்சி கொண்டுவந்த சபைப் பெண்களுக்கும், நான் விமானம் ஏறும்வரை கூட நின்ற சொந்தங்களுக்கும் அண்ணனும் நானும் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதல் செமஸ்டரில் எல்லாப் பாடங்களிலும் தேறிவிட்டேன். முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டிய செய்தி இது. அதற்கு வழியில்லாததால் உங்கள் எல்லோரிடமும் சொல்கிறேன்.