பொங்கக் கூடாத சோதனைக்குழாய்

பள்ளி வேதியியல் ஆய்வகத்தின் உதவியாளரை எல்லோரும் லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினொரு வருஷமாகத் தற்காலிக வேலை. நிரந்தர உத்தரவு ஒருவழியாகத் தலைமையாசிரியை மேசைக்கு வந்து கையெழுத்துக்குக் காத்திருந்தது. அந்த வாரம் பார்த்துத்தானா செய்முறைத் தேர்வு வர வேண்டும்!

சோதனை என்னவோ சுலபம்தான். தேர்வில் கொடுப்பது காஸ்டிக் சோடா கரைசல்; அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டால் சத்தமில்லாமல் இரண்டும் சேரும். வற்றக் காய்ச்சினால் கிண்ணத்தில் சாப்பாட்டு உப்பு. சலவை சோடா கரைசலில் விட்டாலும் அதே உப்புதான். ஆனால் புஸ்ஸென்று நுரைத்துக்கொண்டு வரும்.

முந்தின நாள் லேப் அக்கா புட்டிகளைத் துடைத்தபோது இந்த இரண்டு சோடா புட்டிகளின் லேபிள்களும் உரிந்துவிட்டன. "எது எதுன்னு எனக்குத் தெரியாதா?" என்று தெம்பாக எடுத்து ஒட்டினாள். அங்கேதான் வந்தது வினை.

தேர்வில் ஒரு மாணவியின் குழாய் பொங்கியதும் லேப் அக்காவுக்கு லேபிள் மாறிப்போனது புரிந்துவிட்டது. எட்டிப் பார்த்தால் இருபது குழாயிலும் நுரை. ஒருத்தியாவது வாயைத் திறக்க வேண்டுமே!

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அங்கேயே உட்கார்ந்து திருத்தினார். பத்தொன்பது பேர் பாடப்புத்தகத்தில் உள்ளபடி, "குமிழி வரவில்லை" என்று எழுதியிருந்தார்கள். ஒரே ஒருத்தி மட்டும், "நன்றாக நுரைத்தது. ஏனென்று தெரியவில்லை" என்று எழுதியிருந்தாள். தேர்வாளர் சிவப்பு மையில் பெரிய முட்டை போட்டார்.

லேப் அக்கா வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கிண்ணத்து உப்பு அவளைக் காட்டிக்கொடுக்காது. கையெழுத்து வேறு பாக்கி. ஆனால் பாவி மனசு கேட்கவில்லை.

"சார், அந்தப் பொண்ணு சரியாத்தான் எழுதியிருக்கு. நான்தான் லேபிளை மாத்தி ஒட்டிட்டேன். புட்டியில இருக்கறது சலவை சோடா."

தேர்வாளர் எழுந்துபோய்த் தானே ஒரு குழாயில் அமிலம் விட்டார். நுரை விளிம்பு வரை ஏறியது.

"அப்ப மத்தவங்க எல்லாம் கண்ணை மூடிக்கிட்டா எழுதினாங்க?"

"நீங்களும்தான் குழாயைப் பார்க்கலையே சார்!" சொல்லிவிட்டு லேப் அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முறைத்தவர், அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முட்டையை அடித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டார். மற்றவர்களுக்கு மறுநாள் மறுதேர்வு. லேபிள் விஷயத்தையும் அறிக்கையில் எழுதத்தான் செய்தார்.

தலைமையாசிரியை அறிக்கையை இரண்டு தடவை படித்தார்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

"அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும் மேடம். இனிமே கண்ணால பார்த்ததை எழுதவே பயப்படும்."

தலைமையாசிரியை உத்தரவை இழுத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். லேப் அக்கா அதை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்று ஓவென்று அழுதாள்.