முன்னுரைக்கும் முடிவுரைக்கும் நடுவே

எம்.ஏ. பொருளாதாரம் படிக்கும்போது எனக்கு ஒரே ஒரு பெருமை: வகுப்பிலேயே அதிக அடிஷனல் ஷீட் வாங்குகிறவள் நான்தான். முன்னுரையும் முடிவுரையும் மனப்பாடம். நடுவில்? ஒரே விஷயத்தை நாலு விதமாகத் திருப்பிப் போடுவேன். ‘வளர்ச்சி பெருகியுள்ளது. பெருகிய இவ்வளர்ச்சி பாராட்டுக்குரியது.’ இப்படியே பக்கம் ஓடும். திருத்துகிறவர் சாண் போட்டு அளந்துதான் மார்க் போடுகிறார் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

அந்த அரிய வித்தையை என் தோழிக்கும் கற்றுக்கொடுத்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக் கல்லூரிக்கு இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வருவோம். அவள் புரிந்து படிக்கிறவள். ஆனால் மூன்றே பக்கத்தில் முடித்துவிடுவாள். “இவ்ளோ கம்மியா எழுதினா எவடி மார்க் போடுவா?” என்று திட்டித் திட்டியே மாற்றினேன். ரிசல்ட் வந்தது. நான் எப்படியோ தப்பித்தேன். அவள் வேளாண்மைப் பொருளாதாரத்தில் ஃபெயில்.

உடனே வீட்டில் கல்யாணப் பேச்சு. வேலூர்ப் பக்கம் ஒரு வரன். “இன்னும் ஒரு தடவ எழுது. இதையும் விட்டா படிச்சது போதும்” என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். அவளுக்கோ எம்.ஏ. முடித்து, பி.எட். சேர்ந்து, டீச்சராக வேண்டும். பாவி, என்னால்தானே எல்லாம் போகப்போகிறது!

ஒரு பௌர்ணமி சாயங்காலம். கிரிவலக் கூட்டத்தில் எங்கள் பஸ் எப்போது வரும் என்றே தெரியவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவள் எழுதிய பயிற்சிக் கட்டுரையைப் படித்தேன். ‘விவசாயத்தில் மாற்றம் ஏற்பட்டுள்ளது. இம்மாற்றம் மிகப்பெரிய மாற்றமாகும்.’ எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“என்னடி இது? ஒண்ணுமே சொல்லாம ஒரு பக்கம் ஓட்டியிருக்க!”

“நீ சொல்லிக்குடுத்ததுதான்டி!” என்று கத்தினாள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “மாற்றம்னா என்னானு எனக்குத் தெரியாதா? எங்க வீட்ல நெல்ல விட்டுட்டு மல்லாட்டைக்கு மாறினோம். மோட்டார் போட்டா ரெண்டு மணி நேரத்துல கெணறு காலி. நெல்லுக்கு அது எங்க பத்தும்? இப்ப அரிசியக் கடையில வாங்கித் திங்கறோம். அதான்டி மாற்றம்!”

“அதையே எழுதித் தொலையேண்டி!”

“பரீட்சையில போயி எங்க வீட்டுக் கதையவா?”

எங்கள் அசட்டுத்தனம் அதுதான். வீட்டில் நடப்பதெல்லாம் வெறும் பேச்சு, புத்தகத்தில் இருப்பதுதான் விஷயம் என்று நினைத்திருந்தோம். அவள் கத்தியதிலேயே ஒரு முழுப் பத்தி இருந்தது. ஒரு கருத்து, அதற்கு ஆதாரம், அதனால் என்ன ஆயிற்று என்ற விளக்கம். ‘எங்க வீட்ல’ என்பதை ‘நிலத்தடி நீர் குறைந்த ஊர்களில்’ என்றும், ‘மல்லாட்டை’யை ‘நிலக்கடலை’ என்றும் மாற்றினோம். பாடத்தில் இருந்த மழைக் கணக்கைப் பக்கத்தில் சேர்த்தோம். அவ்வளவுதான்.

அதிலிருந்து தினமும் பஸ்ஸில் ஒரு பத்தி. அவள் வாசிப்பாள். நான் விடாமல் நச்சரிப்பேன். “எத வெச்சு சொல்ற?” “சரி, அதனால என்ன?” கடுப்பாகி என் கையைக் கிள்ளுவாள். ஐயோ, அந்த ஜன்னலோர சீட்டையும் அந்தக் கிள்ளலையும் நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது.

பரீட்சை எழுதிவிட்டு அவள் வெளியே வந்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, “எத்தன ஷீட்டு?”

“ஒண்ணும் வாங்கல. சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன்.”

போச்சு, மறுபடி ஃபெயில்தான் என்று நினைத்தேன். அவள் பாஸ் என்று பிறகுதான் தெரிந்தது. ரிசல்ட் வருவதற்குள்ளேயே மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்தினார்கள். நாள் குறிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவள் வீட்டுக்கு ஓடினேன். அவள் அப்பாவிடம், “பெண் கல்விங்கிறது நாட்டுக்கே கண்ணுங்கப்பா...” என்று நான் ஆரம்பித்ததும் அவள் என் தொடையில் ஓர் அடி வைத்தாள்.

“நீ சும்மா இரு. அப்பா, நான் படிச்சு முடிச்சிடறேன். அக்காவ காலேஜ்ல ரெண்டாவது வருஷத்தோட நிறுத்திக் கட்டிக் குடுத்தீங்க. இன்னிக்கு ஜவுளிக்கடையில நாள் பூரா நின்னுக்கிட்டே துணி மடிக்கிறா. படிப்ப முழுசா முடிச்ச பொண்ணு அதே கடையில உக்காந்து பில் போடுது. அக்காவுக்குக் கால் வீங்கிப்போச்சுனு போன மாசம் நீங்கதான் தைலம் வாங்கிட்டுப் போனீங்க. நானும் அப்படி நிக்கணுமாப்பா?”

“இத அப்பவே ஏம்மா யாரும் சொல்லல?” என்றார் அவர்.

“அப்ப எங்களுக்குச் சொல்லத் தெரியலப்பா.”

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். “பொண்ணு படிப்பு முடியட்டுங்க” என்று யாரிடமோ சொல்வது கேட்டது. பேசி முடித்தும் உள்ளே வரவில்லை. மறுபடி யாருக்கோ போன் போட்டார். “கால் இப்ப எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.