தோக்கியோ மணியில் திறந்த ஐஸ்கிரீம் கடை

முருகனை நம்பினவர்கள் கூடியிருக்கிற இடத்தில் என்னையும் நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். பேசுகிறேன். ஆனால் கேட்டு முடித்துவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போகிற மாதிரி என்னால் சொல்ல முடியாது. நான் வேண்டினேன். வேண்டியது அப்படியே கிடைத்தது. கிடைத்த விதம்தான் இத்தனை வருஷமாகியும் எனக்குச் செரிக்கவில்லை.

ஜப்பான்காரன் பினாங்குக்கு வந்த இரண்டாம் வருஷம் அது. நாற்பத்து மூன்று. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கு எழுதுகிற கிராணியாக இருந்தவர். குண்டு விழுந்ததும் துரைமார்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். இவர் மட்டும் வெளுத்த சட்டையும் பேனாவுமாக வேலை இல்லாமல் நின்றார். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது லாரி. வேலைச் சீட்டு இல்லாத ஆம்பளைகளை நடுத்தெருவில் பிடித்து லாரியில் ஏற்றி, சயாம் நாட்டுக்கு ரயில் பாதை போட அனுப்பிக்கொண்டிருந்தார்கள். டத்தோ கெராமட் ரோட்டில் எங்கள் வரிசை வீடுகளிலிருந்து மட்டும் மூன்று பேர் போயிருந்தார்கள். ஒருவரிடமிருந்தும் ஒரு தகவலும் இல்லை.

ரோட்டில் லாரிச் சத்தம் கேட்டால் இவரைப் பின்கட்டுக்கு விரட்டுவேன். மனுஷன் ஆடி அசைந்து போவார். "நான் என்ன திருடனா, ஓடி ஒளிய?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அழுகையும் வரும்.

அப்போதுதான் ஆறுமுகம் வந்தார். சுங்கை பினாங்கில் குடியிருந்தவர், என் வீட்டுக்காரருக்குச் சிநேகிதர். துரைமார்களின் கிளப்பில் குசினியில் சமையல் வேலை பார்த்தவர். கிளப்பை மூடினபோது ஐஸ்கிரீம் சுற்றும் வாளியை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். மர வாளி, நடுவில் தகரக் குவளை, மேலே கைப்பிடி.

"அண்ணே, கடை வச்சா வேலைச் சீட்டு குடுக்கிறானுங்களாம். ஜப்பான்காரனுக்கு ஐஸ்கிரீம்னா உசுரு. நான் வாளியச் சுத்துறேன், நீங்க கோப்பி கலக்குங்க."

"நான் கிராணிப்பா. எனக்குக் கோப்பி குடிச்சுத்தான் பழக்கம்" என்றார் இவர்.

"அதான் அண்ணி இருக்காங்கல்லா" என்று ஆறுமுகம் சிரித்தார். அந்த வீட்டில் பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஒரு தையல்காரர் காலி செய்துவிட்டுப் போன முன்னறை கிடைத்தது. மாட்டுப் பாலுக்கு எங்கே போவது? தேங்காய்ப் பால், கறுப்புச் சர்க்கரை, கெட்டியாக வர மரவள்ளி மாவு. கோப்பிக் கொட்டை ஒரு பங்கு என்றால் வறுத்த சோளம் மூன்று பங்கு. எல்லாவற்றையும் ஒப்பேற்றிவிட்டோம். உப்பில்தான் மாட்டிக்கொண்டோம். ஐஸ் கட்டியோடு கைநிறைய உப்பு அள்ளிப் போடாவிட்டால் குவளைக்குள் இருப்பது உறையாது. பங்கீட்டில் கிடைக்கிற உப்போ ரசத்துக்கே போதாது. அதனால் நானும் ஆறுமுகத்தின் மனைவி கனகமும் கடற்கரைக்குப் போய், மண்ணெண்ணெய் டின்னில் கடல் தண்ணீரை மொண்டு மூன்று நாள் காய்ச்சினோம். புகையில் கண் எரியும். கனகம் வாய் ஓயாமல் பேசுவாள். "அக்கா, சீட்டு மட்டும் வந்துடட்டும், நான் ஒரு வாரம் தூங்கப் போறேன்" என்பாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

அனுமதி கொடுக்கிற ஆபீசில் இருந்தவரும் தமிழர்தான். "வெள்ளிக்கிழமை காலையில வந்து பார்ப்பேன். கடை திறந்து நடக்கணும். அங்க நின்னு வேலை செய்யுற ஆளுக்கு மட்டும்தான் சீட்டு" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதற்கு முந்தின நாள் வியாழக்கிழமை மத்தியானம் நான் தனியாகத் தண்ணீர்மலைக்கு நடந்தேன். படியேறி முருகன் முன்னால் நின்றதும் கண்ணீர் கொட்டியது. "அப்பா, எனக்கு நகை வேண்டாம், நட்டு வேண்டாம். என் வீட்டுக்காரர் பேருக்கு ஒரு சீட்டு. அவ்வளவுதான். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன்." இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். வேறு எந்தப் பெயரும் என் வாயில் வரவில்லை. பிறகு குருக்களிடம் நல்ல நேரம் கேட்டேன். பஞ்சாங்கத்தைப் பார்த்து, "நாளைக்கு ஒன்பதரைக்கு விளக்கேத்துங்கோ" என்றார். மனசு நிறைந்து இறங்கினேன். வருகிற வழியில் ஆறுமுகத்துக்குச் சொல்லியனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து இவரிடமும் சொன்னேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த நாளில் ஊரில் இரண்டு மணி ஓடிக்கொண்டிருந்தது. ஜப்பான்காரன் எல்லாக் கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டான். பஞ்சாங்கத்தைத் தள்ளி வைக்க முடியுமா? அதனால் நம் ஜனங்கள் ஆபீஸ் காரியத்துக்குத் தோக்கியோ மணி, சாமி காரியத்துக்குப் பழைய மணி என்று வைத்துக்கொண்டார்கள். யாராவது நேரம் சொன்னால், எந்த மணி என்று கேட்பது வழக்கம். கீரைக்காரியைக்கூட ஒன்பது கேள்வி கேட்கிற நான், அன்றைக்குக் குருக்களிடம் அதைக் கேட்கவில்லை. என்னிடமும் யாரும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் கிராணி. சுவரில் மாட்டிய கடிகாரம் என்ன சொல்கிறதோ அதுதான் அவருக்கு மணி. வெள்ளிக்கிழமை தோக்கியோ மணி ஒன்பதரைக்குக் கடையில் நின்றோம். ஆறுமுகத்தைக் காணோம். நேரம் தப்பிவிடுமே என்று இவரே விளக்கேற்றினார். நான் தேங்காய்ப் பாலைப் பொங்கவிட்டேன். பத்து மணிக்கு ஆபீஸ்காரர் வந்தார். இவர் கலந்த கோப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இன்னொரு ஆளு எங்க?"

"ஐஸ் எடுக்கப் போயிருக்காரு சார். வந்துக்கிட்டே இருக்காரு. செத்த இருங்க சார்" என்றார் இவர்.

"இருக்கிற ஆளுக்குத்தான் சீட்டு லா. நாளைக்கு ஆபீஸ்ல வந்து வாங்கிக்கச் சொல்லு."

ஒரே ஒரு சீட்டை எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டுப் போனார். இவர் கையில் அதைப் பார்த்ததும் அடுப்பை விட்டு வாசலுக்கு ஓடி வந்தேன். மலை இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் ஆறுமுகத்தின் நினைப்பே எனக்கு இல்லை.

தோக்கியோ மணி பதினொன்றுக்குக் கால் மணி இருக்கும்போது சைக்கிளில் ஐஸ் கட்டியும் வாளியுமாக ஆறுமுகம் வந்து இறங்கினார். பின்னால் கனகம், தலையில் பூ, கையில் உப்பு மூட்டை.

"என்ன அண்ணி, அதுக்குள்ள விளக்கேத்திட்டீங்க? ஒன்பதரைக்கு இன்னும் கால் மணி இருக்கே!"

சாமி காரியமாயிற்றே. அவர் பழைய மணிப்படி சரியாகத்தான் வந்திருந்தார். சீட்டு விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் ஒரு கணம் வாடியது. "நாளைக்குத்தானே அண்ணே, வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கடை வாசலில் கூரை போட்ட அஞ்சடி நடையிலேயே உட்கார்ந்து வாளியைச் சுற்ற ஆரம்பித்தார். கைப்பிடி மெல்ல மெல்ல இறுகியது. மூடியைத் திறந்து காட்டினார். ஐஸ்கிரீம் நன்றாகத் திரண்டு வந்திருந்தது. முதல் கிண்ணத்தை முருகன் படத்துக்கு முன்னால் வைத்தோம்.

அதற்குள் லாரி வந்து நின்றது.

இரண்டு சிப்பாய்கள் இறங்கினார்கள். கையை நீட்டினார்கள். என் வீட்டுக்காரர் சீட்டைக் காட்டினார். ஆறுமுகத்தின் கையில் ஐஸும் உப்பும்தான் இருந்தன. அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினார்கள். இவர் முன்னால் போய், "என் கூட்டாளி, நாளைக்குச் சீட்டு வருது" என்று சைகையும் மலாயுமாகச் சொன்னார். ஓர் அறை விழுந்தது. மறுபடியும் போகப் பார்த்தார். நான்தான் பின்னாலிருந்து இவர் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தேன்.

"சும்மா இருங்க! உங்க சீட்டையும் கிழிச்சிருவானுங்க!"

உரக்கத்தான் கத்தினேன். கனகத்துக்கும் கேட்டது. ஆறுமுகத்துக்கும் கேட்டது. லாரியில் ஏறின பிறகு அவர் இவரைப் பார்த்து, "அண்ணே, சுத்துறத நிறுத்திடாதீங்க, கட்டி தட்டிரும்" என்றார். கனகம் லாரிக்குப் பின்னால் முச்சந்தி வரைக்கும் ஓடி விழுந்தாள்.

மறுநாள் இவர் ஆபீசுக்குப் போனார். ஆளே இல்லாமல் சீட்டு எப்படித் தருவது என்று கேட்டார்களாம். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடை நடந்தது. ஜப்பான் சிப்பாய்கள் வரிசையில் நின்று வாங்கித் தின்றார்கள். நாலாம் நாள் கனகம் வந்தாள். வாளியைக் கழுவினாள், உட்கார்ந்து சுற்றினாள். அதன் பிறகு தினமும் வந்தாள். அந்த வாயாடி மாதக்கணக்காக என்னிடம் பேசவில்லை. ஒரு நாள் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, அந்த வியாழக்கிழம சாயங்காலம் நானும் மலைக்குப் போனேன். அவருக்கு ஒரு சீட்டு குடுன்னுதான் கேட்டேன். ரெண்டு பேரும் ஒரே சாமியத்தானே அக்கா கேட்டோம்?"

மனசுக்குள் அழுகிக் கிடந்ததை மட்டும் சொன்னேன். "எந்த மணின்னு நானும் கேக்கல, உங்களுக்கும் சொல்லியனுப்பல கனகம். நாங்க தோக்கியோ மணிக்குப் போறோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்களும் வெள்ளனையே வந்திருப்பீங்க."

"ஆமா அக்கா, வந்திருப்போம்" என்றாள். போனால் போகட்டும் என்று அவள் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

ஜப்பான்காரன் போன பிறகு சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகச் சில பேர் திரும்பினார்கள். ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டோம். ஆறுமுகத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை. கனகம் பொட்டை அழிக்கவில்லை. கடைசி வரைக்கும் எங்களோடுதான் இருந்தாள்.

என் வீட்டுக்காரர் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, தன் கட்டிலில் படுத்து, என் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். அது முருகன் எனக்குப் போட்ட பிச்சை. இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வேண்டிக்கொண்டபடி அந்தத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தேன். அடுத்த வருஷத்திலிருந்து ஆறுமுகம் பெயரைச் சொல்லி எடுத்தேன். முன்பெல்லாம் சன்னதியில் என் வீட்டுக் கவலையை இறக்கி வைத்துவிட்டு விறுவிறுவென்று இறங்கிவிடுவேன். இப்போது என் காரியம் கடைசியில்தான் வருகிறது. சில நாள் மறந்தும் போகிறது.

நீங்களும் அவனை நம்பிக் கேளுங்கள். கொடுக்கிறவன்தான், எனக்குக் கொடுத்தானே. கனகத்துக்கு ஏன் கொடுக்கவில்லை என்று படியேறும்போதெல்லாம் அவனிடம் சண்டை போடுகிறேன். முட்டி வலிக்கிறது, பதிலும் வரவில்லை. ஆனாலும் போகிறேன். இதை வேறு யாரிடம் போய்க் கேட்பது?