ராத்தாவின் மண் சஹன்

எங்கள் வீட்டு அலுமாரியில் பச்சைப் பூச்சுப் பூசிய மண் துண்டு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் வளைந்த விளிம்பு, மற்ற இரு பக்கமும் நேர் வெட்டு. வட்டமாக அவித்த வட்டிலப்பத்தில் வெட்டி எடுத்த துண்டு போல இருக்கும். உடைந்த தட்டை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று வருகிறவர்கள் கேட்பார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வரும். அது உடைந்ததல்ல, ராத்தா என்று நாங்கள் கூப்பிடும் என் மூத்த சகோதரி வேண்டுமென்றே வெட்டியது.

ராத்தா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் கட்டாருக்குப் போய் வீடு வெறிச்சோடியதும், காரைதீவுப் பெண் ஒருத்தி கல்முனையில் நடத்தும் மட்பாண்ட வகுப்பில் சேர்ந்தார். மற்றவர்கள் தேநீர்க் கோப்பை செய்துகொண்டிருக்க, இவர் சஹன் செய்யக் கிளம்பிவிட்டார். எங்கள் உம்மா இருந்த காலத்தில் பெருநாளுக்குச் சகோதரங்கள் ஆறு பேரும் அந்தப் பெரிய தட்டைச் சுற்றியிருந்து ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். உம்மா மௌத்தான பிறகு அவரவர் வீட்டில் அவரவர் சோறு. சண்டை ஒன்றுமில்லை, ஆனால் சேரவுமில்லை. ஆறு பேரையும் மறுபடி ஒரு சஹனில் உட்கார வைக்க வேண்டும் என்று ராத்தா தவியாய்த் தவித்தார். உட்காரப்போகும் ஆட்களுக்கு அளவெடுத்த கணக்கு டீச்சர், சூளையின் வாயை அளக்க மறந்துவிட்டார்.

சூளையில் வைக்கும் யோசனையோடு வகுப்பு நடத்தும் அந்தப் பெண் சஹனைப் பார்த்த அன்று நானும் கூட இருந்தேன். மண் அரை ஈரத்தில் இருந்தது.

"டீச்சர், இது உள்ளுக்குப் போகாது. சின்னதாச் செய்வமா?"

"சஹனச் சின்னனாக்கினா ஆரு புள்ள எழும்பிப் போற?"

சொல்லிவிட்டு, சூளையின் வாயைச் சாணால் அளந்து பார்த்தார். பிறகு மண் அறுக்கும் கம்பியை வாங்கி, பிஸ்மி சொல்லி, சஹனை ஆறாக அறுத்தார். அந்தப் பெண் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

பெருநாளன்று ராத்தா வீட்டுப் பாயில் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால், சூளைச் சூட்டில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் நெளிந்திருந்தது.

"காணி பிரிச்ச மாதிரி இரிக்கி ராத்தா," என்றான் கடைசித் தம்பி.

"சோத்தப் போட்டா எல்லாம் சேந்துரும். இரி."

புரியாணியைக் குவித்ததும் வெட்டுக் கோடு ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் சிரித்த சிரிப்பில் பாதிச் சோறு பாயில். சாப்பிட்டுக் கழுவியதும் ஆளுக்கொரு துண்டைக் கையில் கொடுத்து, அடுத்த பெருநாளுக்கு அதோடுதான் வரவேண்டும் என்றார். மறு வருடம் துண்டை மறந்து வந்த தம்பியை வாசலிலேயே மறித்து, பெருநாளுக்கு உடுத்த புதுச் சாரத்தோடு, அதை எடுத்துவரச் சம்மாந்துறையிலுள்ள அவன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பியும் விட்டார்.

நாளை பெருநாள். துண்டைத் துடைத்துத் துவாயில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். கடையில் முழுசாகவே நல்ல சஹன் விற்கிறார்களே என்கிறார் என் கணவர். விற்கிறார்கள்தான். அது வட்டமாக இருப்பதற்கு நாங்கள் யாரும் போகத் தேவையில்லையே.