பக்கத்து இருக்கையின் கிளட்ச்

கார் ஓட்டக் கற்றுத்தரும் அந்தப் பள்ளியில் எல்லோருக்கும் அவள் டீச்சரம்மா. பள்ளி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தெருவைப் பார்த்த ஓர் அறை, ஒரு மேசை, ஒரே ஒரு வெள்ளைக் கார். மூன்றுக்கும் முதலாளி அவள் கணவனின் அண்ணன். மாடியில் வீடு, அண்ணன் தம்பி இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்படி. கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த அடுப்படிக்கும் மொட்டைமாடித் துணிக்கொடிக்கும் நடுவே செக்குமாடாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆண் வாத்தியாரிடம் கற்றுக்கொள்ளப் பெண்கள் கூச்சப்பட்டார்கள். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து, டீச்சராகக் காரில் ஏற்றினார்கள்.

ஏற்றும்போதே அந்த அண்ணன், அவளுக்கு மூத்தார், நிபந்தனை போட்டார்.

"வண்டியில ஒரு கீறல் விழுந்தாலும் அன்னிக்கே நீ மேல போயிடணும். சம்மதமா?"

"சரிங்க மாமா."

மேல என்றால் அடுப்படி. கணவன் அப்போது கை கழுவிக்கொண்டிருந்தான். அண்ணன் பேசும்போதெல்லாம் அவனுக்குக் கை கழுவ வேண்டிவந்துவிடும்.

இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் இல்லை. எப்படி இருக்கும்? கற்றுத்தரும் காரில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஆபத்து வந்தால்தான் அவற்றில் கால் வைக்க வேண்டும். மற்ற நேரம் கால் தரையில் இருக்க வேண்டும். இது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் படிக்க வந்தவள் ஒரு மதில் பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலே இவளுக்குக் கீறலும் அடுப்படியும் கண்முன் வரும். முதலில் ஆபத்துக்குக் கால் போனது. பிறகு ஆபத்துக்கு முன்னாலேயே போனது. அப்புறம் அந்தக் கால் கிளட்சை விட்டு இறங்கவே இல்லை.

அன்று ஓட்டியது ஒரு தையல்காரம்மா. மேம்பாலத்து ஏற்றத்தில் அவர் மிதிக்க மிதிக்க இன்ஜின் அலறியது; வண்டியோ ஊர்ந்தது. பின்னாலிருந்து ஹாரன் மேல் ஹாரன்.

"என்ன டீச்சர், எங்க வீட்டு மாப்பிள்ளை மாதிரியே இருக்கு. சத்தம்தான் பெருசா வருது, காரியம் ஒண்ணும் நடக்கல."

டீச்சரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கருகிய வாடை அவள் மூக்கில் ஏறிவிட்டது. பாலம் இறங்கியதும் தையல்காரம்மாவை ஆட்டோவில் அனுப்பிவிட்டு, தானே ஸ்டீயரிங் பக்கம் மாறி உட்கார்ந்தாள். கை பிரேக்கை இழுத்துப் போட்டாள். மேல் கியரில் தள்ளி, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, கிளட்சை மெல்ல விட்டாள். கிளட்ச் நன்றாக இருந்தால் இன்ஜின் திணறி அணைந்துவிட வேண்டும். அணைந்துவிடு, தாயே, அணைந்துவிடு என்று வாய்விட்டே கெஞ்சினாள். கால் முழுவதும் விட்ட பிறகும் இன்ஜின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. கிளட்ச் போய்விட்டது. போக்கடித்த காலும் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்த கதைதான்.

மறுநாள் பட்டறையில் மெக்கானிக் கிளட்ச் பிளேட்டைக் கழற்றி வெளியே எடுத்தபோது மூத்தாரும் பக்கத்தில் நின்றார். பிளேட் தேய்ந்து, கருகி, பளபளத்தது.

"யாரோ கிளட்ச்ல காலை வச்சுக்கிட்டே ஓட்டியிருக்காங்க சார். அரைகுறையா அமுங்கியே இருந்தா பிளேட் சரியாப் பிடிக்காது, வழுக்கும். வழுக்குனா சூடாகும். கடைசியில இன்ஜின் கத்தும், சக்கரம் சுத்தாது."

சொல்லிவிட்டு அவன் குனிந்து பெடல்களைப் பார்த்தான். ஓட்டுகிறவர் பக்கத்துப் பெடல் ரப்பரில் வரிகள் இன்னும் தெரிந்தன. பக்கத்து இருக்கைப் பெடலில் வரியே இல்லை, வழுவழுவென்று இருந்தது. அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தன் செருப்பைப் பார்த்தாள்.

"அந்தத் தையல்காரம்மாதான். தையல் மெஷின் மிதிச்ச காலு சும்மா இருக்குமா? நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு சொல்லிடு" என்றார் மூத்தார்.

"இல்லங்க மாமா, அவங்க பாவம்..."

"அவங்க இல்லாம? அப்ப யாரு?"

மூன்று சொல் போதும். நான்தான் மாமா வச்சேன். அந்த மூன்று சொல்லுக்கு அப்புறம் என்ன வரும் என்றும் அவளுக்குத் தெரியும்: அடுப்படி, துணிக்கொடி, அடுப்படி. தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"படிக்க வர்றவங்க எல்லாருமே அப்படித்தாங்க மாமா."

மூத்தார் யோசித்தார். யோசித்து ஒரு முடிவுக்கும் வந்தார். முதலாளி அல்லவா, முடிவுக்கு வராமல் இருப்பாரா?

"உன்னைத் தவிர ஒருத்தரையும் நம்ப முடியாது. இனிமே ஒண்ணு செய். வண்டி கிளம்புனதுலேர்ந்து நிக்கிற வரைக்கும் உன் காலு உன் கிளட்ச் மேலயே இருக்கணும். எடுக்கவே கூடாது. நான் பார்ப்பேன்."

மெக்கானிக்குக்கு இருமல் வந்தது. துணியை எடுத்துத் துடைத்த கையையே துடைத்தான்.

"சரிங்க மாமா" என்றாள்.

புது பிளேட் போட்டு வண்டி வந்தது. சாவியைக் கொடுக்கும்போது மெக்கானிக் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, காலைக் கீழ வச்சுக்குங்க. இல்லன்னா இதுவும் தாங்காது."

அவளுக்கும் அந்த ஆசை இருந்தது. காலையில் படிக்க வந்த கல்லூரிப் பெண் வண்டியைக் கிளப்பினாள். டீச்சரம்மா இரண்டு பாதங்களையும் தரையில் ஒட்டி வைத்தாள். ஏதோ அடுத்த வீட்டுக்குள் செருப்போடு நுழைந்த மாதிரி கூச்சமாக இருந்தது. ஆனால் கெண்டைக்கால் முதல் முறையாக வலிக்கவில்லை. வண்டி தெருமுனை மின்கம்பத்தைத் தாண்டி ஒழுங்காகத் திரும்பியது. ஒன்றும் ஆகவில்லை. இத்தனை வருஷமும் காலை எடுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது போலிருக்கிறதே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது.

ஒரு சுற்று முடிந்து பள்ளி வாசலுக்கு வண்டி வந்தது. மூத்தார் நாற்காலியைத் தெருவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி வழியாகக் குனிந்து அவள் காலடியைப் பார்த்தார்.

அவள் காலைத் தூக்கி கிளட்ச் மேல் வைத்தாள். மூத்தார் தலையாட்டினார். "அப்படித்தான், போங்க" என்றார்.