நாங்கள் கேட்டது உபயோகிக்காத பேண்டேஜ்

போன செவ்வாய்க்கிழமை. காலைக் காபி முதல் வாய்கூட உள்ளே போகவில்லை... போன்.

"யோவ், உடனே கிளம்பி வாரும். ஸ்கேனர்ல ரத்தம் வருது!"

பேசியது என் நண்பர் நாராயணராஜா. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஃபாக்டரி வைத்திருக்கிறார். அடிபட்டால் ஆஸ்பத்திரியில் நம் கை காலில் சுற்றி விடுகிறார்களே, அந்த வலைத்துணி.

"ரத்தம்னா டாக்டரைக் கூப்பிடும். என்னை எதுக்கு?"

"நீர்தானய்யா கம்ப்யூட்டரைப் பத்தி எழுதினவரு?"

வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வாரம் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதினேன். அதுவும் எனக்கு அது சுத்தமாகப் புரியவில்லை என்றுதான் எழுதினேன். அன்றிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் எந்தக் கம்ப்யூட்டர் தும்மினாலும் முதல் தகவல் எனக்குத்தான் வருகிறது. புரியவில்லை என்று எழுதுவதில் இப்படி ஓர் ஆபத்து!

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினேன். ராஜபாளையம் போய்ச் சேருவதற்குள் முன்கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நாராயணராஜாவின் ஆபீஸில் மூன்று கம்ப்யூட்டர்கள். ஒன்று அவருடைய ஏ.சி. ரூமில். இன்னொன்று கணக்கு பார்க்கும் காதர் பாயிடம். மூன்றாவது, வத்திராயிருப்பிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து சரக்கு அனுப்பும் வேலையைப் பார்க்கிற மல்லிகாவிடம். பிரின்டர் மட்டும் ஒன்றே ஒன்று, முதலாளி ரூமில். யாருக்கு என்ன பிரின்ட் வேண்டுமானாலும் ஃப்ளாப்பியில் பதிந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஃப்ளாப்பியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

திடீரென்று துபாயிலிருந்து ஒரு விசாரணை வந்தது. ஆஸ்பத்திரிகளுக்குச் சாமான் சப்ளை செய்கிற ஒருவர். கிடைத்தால் நம்மவருக்கு அதுதான் முதல் வெளிநாட்டு ஆர்டர். விடுவாரா? புது கலர் பிரின்டர் வாங்கினார். ஸ்கேனர் வாங்கினார். மூன்று கம்ப்யூட்டரையும் கேபிள் போட்டு இணைக்க மதுரையிலிருந்து செல்வின் என்கிற இன்ஜினீயரை வரவழைத்தார். துபாய்க்கு பேண்டேஜ் விற்பதற்கு ஆபீஸுக்குள் எதற்கு நெட்வொர்க் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் என்ற பாவத்துக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன்.

"பிரின்டரை ஹாலுக்கு நடுவுல வச்சிருவோம் சார். மூணு பேருக்கும் பொதுவா இருக்கும்" என்றார் செல்வின்.

"பொதுவா வச்சா அதுக்கு மரியாதை இருக்குமா தம்பி?" என்றார் நாராயணராஜா. பிரின்டர் ஏ.சி. ரூமுக்கே போனது.

செல்வின் எதை எதையோ தட்டினார். ஸ்கிரீனில் இருந்த பிரின்டர் படத்துக்குக் கீழே குட்டியாக ஒரு கை முளைத்தது. ஏந்திய கை.

"ஷேர் ஆயிருச்சு சார். இனிமே எந்த கம்ப்யூட்டர்ல இருந்தும் பிரின்ட் கொடுக்கலாம்."

நாராயணராஜா அந்தக் கையையே உற்றுப் பார்த்தார். "என்னப்பா இது, பிச்சை கேக்குற மாதிரி இருக்கு?"

"இல்ல முதலாளி, அது குடுக்கிற கை" என்றார் காதர் பாய். இருபது வருடமாக ஒரே இடத்தில் வேலை பார்க்கிறவர் என்றால் சும்மாவா?

ஸ்கேனரை மட்டும் பகிர முடியாதாம். முதலாளி ரூமில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். வந்த படத்தைப் பொதுவான ஓர் இடத்தில் போட்டு வைத்தால் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம். செல்வின் தயங்கித் தயங்கி இதைச் சொன்னார். நண்பரின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி!

அப்புறம் பூஜை. தட்டோடு வந்தார் மதினி. நாராயணராஜாவின் மனைவி சீதாலட்சுமி. மூன்று மானிட்டருக்கும் பொட்டு. பிரின்டருக்குப் பொட்டு. கேபிள் வந்து சேருகிற டப்பாவுக்கும் ஒரு பொட்டு. ஸ்கேனர் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி இருந்தது அது.

"தம்பி, இதுக்கு மூஞ்சி எது?"

செல்வின் மூடியைத் திறந்து காட்டினார். "இந்தக் கண்ணாடிதாம்மா. இது வழியாத்தான் பார்க்கும்."

"அப்ப இங்கதான் வைக்கணும்."

"குங்குமம் வேணாம்மா. உதிர்ந்து உள்ள போயிரும்."

"அப்ப சாந்து வைக்கேன்."

வைத்தார். சிவப்புச் சாந்து. கண்ணாடியின் நடுவில், வட்டமாக, அழகாக. நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

பகிர்ந்துகொள்ளும் பிரின்டர் எப்படி வேலை செய்தது? பிரமாதமாக! முதலாளியின் கம்ப்யூட்டர் ஓடினால்தான் மற்றவர்களுக்கு பிரின்ட் வரும். அவர் மத்தியானம் ரூமைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போய், செத்த நேரம் கண்ணயர்ந்துவிட்டு வருகிறவர். அதுவரை துபாய் என்ன, தென்காசிக்குக்கூட ஒரு பில் போட முடியாது. வருகிற காகிதமெல்லாம் அவர் மேஜையில் வந்து விழுவதால் முதல் வாசகரும் அவரே. காதர் பாய் லீவு லெட்டர் அடித்து பிரின்ட் கொடுத்தார். அதில் கையெழுத்துப் போட பாய் எழுந்திருப்பதற்குள் உள்ளேயிருந்து "முடியாது" என்று பதில் வந்துவிட்டது.

இதோ, ராஜபாளையம் வந்துவிட்டது.

ஏ.சி. ரூமுக்குள் துக்க வீட்டின் அமைதி. நாராயணராஜா, காதர் பாய், மல்லிகா, செல்வின் நான்கு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். மேஜையில் மூன்று கலர் பிரின்ட். மூன்றிலும் வெள்ளை வெளேரென்று பேண்டேஜ் துணி. ஒவ்வொன்றின் நடுவிலும் சிவப்பாக, வட்டமாக ஒரு கறை.

நடந்தது இதுதான். துணியின் நெசவு எவ்வளவு நெருக்கம் என்று பார்க்க துபாய்க்காரர் படம் கேட்டிருக்கிறார். இவர்கள் துணியையே ஸ்கேனரில் வைத்துப் படமெடுத்து, மதுரைக்கு எஸ்.டி.டி. போட்டு இன்டர்நெட்டைப் பிடித்து, இ-மெயிலில் அனுப்பியிருக்கிறார்கள். பதில் வந்திருந்தது. ஒரே வரி, ஆங்கிலத்தில். நாங்கள் கேட்டது உபயோகிக்காத பேண்டேஜ்.

நான் சிரித்திருக்கக் கூடாது. நாராயணராஜாவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மனிதர் அழும் நிலையில் இருந்தார்.

"ஆர்டர் வந்துரும்னு நம்பி ராத்திரி ஷிஃப்டுக்கு ஆள் எடுத்துட்டேன்யா. பக்கத்து ஊரு தேவதானத்துல இருந்து அம்புட்டுப் பொம்பளைகளும் வேற வேலையை விட்டுட்டு வந்திருக்காவ. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சரியான படம் போகலைன்னா அவன் வேற ஊர்ல வாங்கிக்கிருவான். பொறவு நான் அவிய மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"எங்க சித்தியும் அதுல இருக்காவ சார்" என்றாள் மல்லிகா, மெதுவாக.

செல்வின் காலையிலிருந்து போராடிக்கொண்டிருந்தார். முதலில் கேபிளில் கோளாறு என்று கேபிளை மாற்றினார். கறை போகவில்லை. ஸ்கேனரின் சாஃப்ட்வேரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டார். போகவில்லை. மல்லிகா கம்ப்யூட்டரிலிருந்து பிரின்ட் கொடுத்துப் பார்த்தார், காதர் பாய் கம்ப்யூட்டரிலிருந்து கொடுத்துப் பார்த்தார். எங்கிருந்து கொடுத்தாலும் அதே இடத்தில் அதே கறை. நெட்வொர்க் எவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

நெற்றியைத் துடைத்துக்கொண்டு செல்வின் தீர்ப்புச் சொன்னார். "வைரஸ்தான் சார். மூணுலயும் பரவியிருச்சு. ஃபார்மட் பண்ணிர வேண்டியதுதான்."

"ஃபார்மட்னா?" என்றார் காதர் பாய்.

"எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போடுறது."

"எல்லாத்தையும்னா... கணக்கு?"

"அதுவும் போகும் பாய்."

காதர் பாய் அவருடைய கம்ப்யூட்டர் இருந்த திசையைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"தம்பி... அதுக்கு முன்னாடி அந்தக் கண்ணாடியில இருக்க பொட்டைத் தொடச்சுப் பார்த்தா என்ன?"

"உமக்குத் தெரியுமா?" என்றார் நாராயணராஜா.

"முத நாளே தெரியும் முதலாளி. அம்மா வச்ச பொட்டு. நான் போய் அதை அழிச்சா நல்லாவா இருக்கும்? நாலு பேரு நாலு விதமாப் பேச மாட்டாகளா?"

செல்வின் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும் தெரியும் சார். நான் சர்ச்சுக்குப் போறவன். நான் அழிச்சா மேடம் தப்பா எடுத்துக்குவாங்கன்னுதான்..."

மூன்று கம்ப்யூட்டரை மொத்தமாக அழிக்கத் தயாராக இருந்தவர், ஒரு பொட்டை அழிக்கத் தயாராக இல்லை!

"கல்யாணம் ஆகாத பொண்ணு சார் நானு, நான் எப்படிப் பொட்டை அழிக்க?" என்றாள் மல்லிகா. அதற்கு மேல் அவளிடம் என்ன கேட்பது?

நாராயணராஜாவைப் பார்த்தோம். "எனக்கு மட்டும் தெரியாதாக்கும்! தொழிலுக்கு வச்ச பொட்டை முதலாளியே அழிச்சா தொழில் வெளங்குமாய்யா?"

அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீர்தான் ராகு காலத்தையெல்லாம் கிண்டல் பண்ணி எழுதுறவராச்சே. அழியும் பார்ப்போம்."

நியாயம்தான். ராகு காலம், பூனை, பல்லி என்று இந்தப் பக்கத்தில் நான் கிண்டல் செய்யாத சமாசாரம் உண்டா? தைரியமாக ஒரு அடி முன்னால் வைத்தேன். கைக்குட்டையை எடுத்தேன். கண்ணாடியைத் துடைத்தேன்... என் மூக்குக்கண்ணாடியை. அது நண்பரின் தொழில் பாருங்கள். என் தொழில் என்றால் உடனே துடைத்திருப்பேன்.

ஆலோசனை தொடங்கியது. துணியைத் தள்ளி வைத்தால்? பொட்டு நட்டநடுவில் இருந்தது, எங்கே தள்ளினாலும் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. பொட்டு வைத்தவரையே கேட்டால்? "வேணாம்யா, மனசு சங்கடப்படுவா" என்று நாராயணராஜா கையை ஆட்டினார். அவரே ஒரு யோசனை சொன்னார். "இந்த ஸ்கேனரைப் பூஜை ரூம்ல வச்சிருவோம். மதுரைக்கு ஆளை அனுப்பி வேற ஒண்ணு வாங்கிருவோம்." செல்வின் கடைக்குப் போன் போட ரிசீவரைக் கையில் எடுத்துவிட்டார்.

அப்போது கதவு திறந்தது. மதினி, காபித் தட்டோடு.

"என்ன, எல்லாரும் இப்படி நிக்கீங்க?"

நாராயணராஜா மேஜையிலிருந்த படத்தை எடுத்து மறைக்கப் பார்த்தார். மதினி வாங்கிப் பார்த்தார். படத்தைப் பார்த்தார், ஸ்கேனரைப் பார்த்தார். மூடியைத் திறந்தார். தலையில் வைத்திருந்த தேங்காயெண்ணெயை விரலில் தொட்டு அந்தச் சாந்தின் மேல் தேய்த்தார். சாம்பிளுக்கு வைத்திருந்த பேண்டேஜில் ஒரு சுற்றைக் கிழித்து, அழுத்தி ஒரு துடை. கண்ணாடி பளிச்சென்று ஆகிவிட்டது.

"சீதா! பொட்டை அழிக்கலாமா?" பதறினார் நாராயணராஜா.

வீட்டில் அவர்கள் பேசுவது தெலுங்கு. மதினிக்குக் கோபம் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடியும். "ஏமண்டி! தினம் மூஞ்சி கழுவுறப்ப நான் அழிக்கலையா? கழுவிட்டுப் புதுசா வைக்கலையா? மூஞ்சி கழுவாம பொட்டு மேல பொட்டு வச்சுக்கிட்டே போவாகளா யாரும்?"

எங்கள் ஐந்து பேரின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு ஒருத்தருக்கும் தோணலை!" கிழித்த பேண்டேஜைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, "காபி ஆறுது, குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

யோசித்துப் பாருங்கள். அந்தக் குட்டி ஆபீஸில் மூன்று கம்ப்யூட்டருக்கும் கேபிள் உண்டு. பிரின்டருக்குக் கை உண்டு. ஆனால் எல்லோருக்கும் தெரிந்த ஒரே ஒரு விஷயம், தெரிய வேண்டிய ஒரே ஒருவருக்குப் போய்ச் சேரவில்லை. சாமி கோபித்துக்கொள்ளும் என்று எங்களில் யாரும் அவ்வளவாகப் பயப்படவில்லை. சாமி கும்பிடுகிறவர் கோபித்துக்கொள்வார் என்றுதான் பயந்தோம். அவரோ சாமியிடம் எங்களைவிட எவ்வளவோ சகஜமாகப் பழகுகிறவர்!

படம் அன்று சாயங்காலமே போனது. வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை. இரண்டு நாளில் துபாய்க்காரரிடமிருந்து சரி என்று பதில் வந்துவிட்டது. தேவதானத்துப் பெண்கள் வருகிற திங்கட்கிழமையிலிருந்து ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறார்கள். போனில் இதைச் சொல்லும்போது நாராயணராஜா இரண்டு முறை பேச்சை நிறுத்தி மூக்கை உறிஞ்சினார். ஸ்கேனருக்கு இப்போது பொட்டு மூடியின் மேல் இருக்கிறதாம்.

இதை எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே எங்கள் வீட்டு டி.வி. போன ஆயுத பூஜைக்கு என் மனைவி அதன் கண்ணாடியில் வைத்த பொட்டு அப்படியே இருக்கிறது. அன்றிலிருந்து செய்தி வாசிக்கிறவர், பேட்டி கொடுக்கிற மந்திரி, மட்டையோடு வருகிற ஆஸ்திரேலியாக்காரர் எல்லோரும் அதோடுதான் வந்து போகிறார்கள்.

துடைக்கலாமா என்று மனைவியிடம் கேட்டுவிடப் போகிறேன். நல்ல நேரம் வரட்டும்...